சேர்வருக்கும் ஒரு சொந்தக்காரர் இருக்கிறார்

"கம்பனி ஒண்டும் இல்லத்தானே சேர், அப்ப ஆரும் பாக்க ஏலாதுதானே?"

மட்டக்களப்பிலும் கல்முனையிலும் முகநூலை விட்டு மஸ்டடொனுக்கு மாறுகிறவர்கள் திரும்பத் திரும்பக் கேட்பது இதைத்தான். மஸ்டடொன் என்பது ஒரே கம்பனியின் கையில் இல்லாமல், பலர் தனித்தனியாக நடத்தும் சேர்வர்கள் (பதிவுகளையும் செய்திகளையும் வைத்திருக்கும் கணினிகள்) ஒன்றோடொன்று இணைந்த சமூக வலைத்தளம். கேட்பதற்கு முன்பே அடையாள அட்டையின் இரண்டு பக்கத்தையும், வங்கிப் புத்தகத்தின் முதல் பக்கத்தையும் படம் பிடித்து, மஸ்டடொனின் தனிச்செய்தியில் யாருக்கோ அனுப்பியும் விடுகிறார்கள். இந்த வாரமும் அதே கதை.

தயவுசெய்து கேளுங்கள். மஸ்டடொன் தனிச்செய்தி பூட்டப்பட்ட செய்தி அல்ல. நீங்கள் எழுதியது உங்கள் சேர்வரில் ஒரு பிரதியாகக் கிடக்கும். பெறுபவர் வேறு சேர்வரில் இருந்தால் அங்கேயும் ஒரு பிரதி. இரண்டையும் நடத்துகிறவர்கள் நினைத்தால் வாசிக்கலாம். கல்முனையில் போட்ட தபாலட்டையைக் கல்முனைத் தபாற்கந்தோரிலும் வாசிக்கலாம், மட்டக்களப்புத் தபாற்கந்தோரிலும் வாசிக்கலாம், அதே கணக்குத்தான். கம்பனி இல்லை என்பது சரி. ஆனால் ஒவ்வொரு சேர்வருக்கும் வாடகை கட்டுகிற, கடவுச்சொல் வைத்திருக்கிற ஒருவர் உண்டு. அவர் ஒரு சங்கமாக இருக்கலாம், எங்கோ தனி அறையில் இருக்கும் ஒரு மாணவராகவும் இருக்கலாம். பரவலாக்கம் என்றால் சொந்தக்காரர்கள் பலர் என்று பொருள். சொந்தக்காரரே இல்லை என்று யார் சொன்னது?

இன்னொன்று. தனிச்செய்தியில் மூன்றாம் ஆளின் பெயரை @ போட்டு எழுதினால், அந்தச் செய்தி அவருக்கும் போய்விடும். ஒருவரைப் பற்றிக் குறை எழுதி அவருக்கே அனுப்பியவர்கள் உண்டு. இரகசியம் இருந்தால், அனுப்புபவரும் பெறுபவரும் மட்டுமே வாசிக்கக்கூடிய சிக்னல் செயலியில் பேசுங்கள்.

வதந்திக்கும் மஸ்டடொன் மருந்தல்ல. 2018 பெப்ரவரி 26 அன்று அம்பாறை நகர உணவகமொன்றில், சாப்பாட்டில் மலட்டு மாத்திரை கலந்ததாகக் கிளம்பிய கதை பள்ளிவாசல் தாக்குதலில் போய் முடிந்தது. அது வெறும் மாவுக்கட்டி என்று அரச பகுப்பாய்வு பின்னர் சொன்னது. அந்த ஆண்டு வன்முறையில் தன் தளத்துக்கு இருந்த பங்குக்காக முகநூல் மன்னிப்புக் கேட்டது 2020இல். மஸ்டடொனில் முறைப்பாடு செய்தால் அது உங்கள் சேர்வரின் மேற்பார்வையாளரிடம் போகும். விரும்பினால் எழுதியவரின் சேர்வருக்கும் அனுப்பலாம். அங்கே தமிழோ சிங்களமோ தெரிந்தவர் இல்லாவிட்டால் முறைப்பாடு அப்படியே கிடக்கும். ஆகவே சேர முன், அறிமுகப் பக்கத்தைத் திறந்து நடத்துபவர் யார், விதிகள் என்ன என்று பாருங்கள். தமிழ் வாசிக்கிறவர் இருக்கிறாரா என்று எழுதியே கேளுங்கள். பதில் வராவிட்டால் வேறு இடம் தேடுங்கள்.

பெயரை நம்பாதீர்கள். முகவரியில் (@பெயர்@சேர்வர்) இரண்டாவது @ குறிக்குப் பின்னால் இருப்பதுதான் சேர்வர். அதே பெயரில், அதே படத்துடன் வேறு சேர்வரில் யாரும் கணக்குத் திறக்கலாம். சுயவிவரத்தில் இணைப்புக்குப் பக்கத்தில் பச்சைச் சரிக்குறி இருந்தால், அந்த இணையப் பக்கத்திலிருந்து இந்தக் கணக்குக்கும் இணைப்பு வைக்கப்பட்டிருக்கிறது என்று பொருள். ஆகவே எந்தத் தளம் என்பதைத் திறந்து பார்க்க வேண்டும். பெயருக்குப் பக்கத்தில் தாங்களே போட்டுக்கொள்ளும் சரிக்குறிப் படத்துக்குச் சல்லிக்காசு மதிப்பில்லை.

சேர்வர் மாறுவதில்தான் அதிகம் பேர் இடறுகிறார்கள். முதலில் புதிய கணக்கின் அமைப்பில் பழைய முகவரியைச் சேருங்கள். பிறகு பழைய கணக்குக்குப் போய், புதியதற்கு நகர்த்தச் சொல்லிக் கடவுச்சொல்லைக் கொடுங்கள். வரிசை மாறினால் வேலை நடக்காது. உங்களைப் பின்தொடர்பவர்கள் தாமாக வந்து சேர்வார்கள், பழைய பதிவுகள் வராது. நீங்கள் யாரைப் பின்தொடர்கிறீர்கள் என்ற பட்டியலை சிஎஸ்வி (அட்டவணை) கோப்பாக இறக்கிப் புதியதில் ஏற்ற வேண்டும். ஒருமுறை நகர்ந்தால் 30 நாட்களுக்கு மறுபடி நகர முடியாது.

இதெல்லாம் பழைய சேர்வர் உயிரோடு இருந்தால்தான். நடத்துபவர் காசில்லாமல் ஒருநாள் நிறுத்திவிட்டால் உங்களைப் பின்தொடர்பவர்களைக் கொண்டுபோக வழியே இல்லை. அதனால் மாதம் ஒருமுறை, நீங்கள் பின்தொடரும் ஆட்களின் அந்தக் கோப்பையாவது இறக்கிக் கணினியில் வையுங்கள். பதிவுகளின் முழுப் பிரதியை 7 நாளுக்கு ஒருமுறை கேட்டுப் பெறலாம். கடவுச்சொல்லோடு தொலைபேசியில் வரும் குறியீட்டையும் கேட்கும் இரட்டைச் சரிபார்ப்பைப் போட்டு, தொலைபேசி தொலைந்தால் உதவும் மீட்புக் குறியீடுகளைத் தாளில் எழுதி வீட்டில் வையுங்கள்.

அடையாள அட்டையை ஏற்கெனவே அனுப்பிவிட்டவர்கள் அந்தச் செய்தியை இன்றே அழியுங்கள். அழிக்கச் சொல்லும் கட்டளை மற்றச் சேர்வருக்கும் போகும், ஆனால் அது கட்டாயம் கீழ்ப்படியும் என்பதில்லை. பெறுபவரிடமும் கேட்டு அழிப்பியுங்கள். வங்கி விபரம் போயிருந்தால் கிளைக்கு நேரில் போய்ச் சொல்லுங்கள்.