நார்டிக் நடை: கம்பு வாங்கும் முன் கவனிக்க வேண்டியவை

மதுரை ரேஸ்கோர்ஸ் மைதானத்திலும் வண்டியூர் கண்மாய்க் கரையிலும் காலையில் நடப்பவர்களில் ஓரிருவர் இப்போது இரண்டு கைகளிலும் கம்பு ஊன்றி வருகிறார்கள். எதிரே வருபவர்கள், "ஐயாவுக்குக் கால்ல என்ன?" என்று பரிவோடு விசாரிக்கிறார்கள். காலில் ஒன்றும் இருக்காது. பின்லாந்தின் பனிச்சறுக்கு வீரர்கள், பனி இல்லாத கோடையிலும் உடல்திறன் குறையாமலிருக்கச் செய்துவந்த பயிற்சிதான் இந்த நார்டிக் நடை. 1990-களின் பிற்பகுதியில் இதற்கென்றே தனிக் கம்புகள் வந்தன. அதன்பிறகு பொதுமக்களிடமும் பரவியது.

சாதாரண நடையில் வேலை முழுக்கக் கால்களுக்குத்தான். கம்பைப் பின்னோக்கி அழுத்தித் தள்ளும்போது மேற்கையின் பின்பகுதி, தோள், முதுகு, வயிற்றுத் தசைகளும் சேர்ந்து உழைக்கின்றன. 2002-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், அதே வேகத்தில் வெறுங்கையோடு நடப்பதைவிடச் சராசரியாக 20 விழுக்காடு கூடுதல் ஆக்சிஜன் செலவானது. ஆனால் நடந்தவர்களுக்குக் களைப்பு கூடியதாகத் தெரியவில்லை. ஓட முடியாத, ஜிம்முக்குப் போகக் கூச்சப்படுகிற ஐம்பது வயதுக்காரருக்கு இதைவிட நல்ல வழி சொல்ல எனக்குத் தெரியவில்லை. காலுக்கு ரத்த ஓட்டம் குறைந்து, சற்று நடந்ததுமே கெண்டைக்கால் பிடித்துக்கொள்கிறவர்களும் கம்போடு கூடுதல் தூரம் போகிறார்கள்.

"சார், இதை ஊனுனா மூட்டு வலி போயிருமா?" என்று கேட்காத அம்மாக்கள் குறைவு. உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். மலை இறக்கத்தில் கம்பு முழங்கால் சுமையைக் குறைக்கும். சமதரையில் அப்படிக் குறைவதாக உறுதியாகச் சொல்ல முடியாது. தொடைத்தசை வலுவாவதால் நாளடைவில் வலி தணியலாம். அதற்குத் தொடைக்கான பயிற்சியும் சேர வேண்டும்.

என்னிடம் வருகிறவர்கள் கொண்டுவரும் கம்புகள்தான் எனக்குக் கவலை. வெளிநாட்டிலிருக்கும் மகன் அனுப்பியது, ஆன்லைனில் தள்ளுபடியில் வாங்கியது என்று எடுத்து நீட்டுவார்கள். பெரும்பாலும் அவை மலையேற்றக் கம்புகளாக இருக்கும். வித்தியாசம் வாரில் இருக்கிறது. மலையேற்றக் கம்பில் மணிக்கட்டைச் சுற்றி வெறும் வளையம். நார்டிக் கம்பில் கட்டைவிரல் நுழைகிற, பாதிக் கையுறை மாதிரியான வார். இடம், வலம் என்று குறித்திருக்கும். கை இடுப்பைத் தாண்டிப் பின்னே போனதும் பிடியைத் தளர்த்திவிட வேண்டும். வார் தாங்கிக்கொள்ளும், கம்பு கூடவே வரும். இந்த வார் இல்லையென்றால் கம்பை இறுக்கிப் பிடித்தபடியே நடக்க வேண்டியிருக்கும். முழங்கையும் கழுத்தும் வலிப்பது அதனால்தான்.

அதே வாரில் ஓர் ஆபத்தும் உண்டு. கீழே விழும்போது கம்பு கையிலிருந்து விடுபடாமல் போனால் கட்டைவிரலின் அடிமூட்டுத் தசைநார் இழுபடும், சில சமயம் கிழியும். இந்த நடையில் அதிகம் பார்க்கப்படும் காயங்களில் இது ஒன்று. பொத்தானை அழுத்தியதும் வார் கழன்றுவரும் வகை கிடைத்தால் அதையே வாங்குங்கள்.

உயரத்துக்கு எளிய கணக்கு: உங்கள் உயரத்தை 0.68 ஆல் பெருக்குங்கள். 162 செ.மீ. உயரம் என்றால் 110 செ.மீ. கம்பு. புதிதாகத் தொடங்குபவர்கள் ஒரு பிடி குறைவாக, 105-ஐ எடுத்தாலும் சரிதான். கம்பை நேராக ஊன்றிப் பிடித்தால் முழங்கை ஏறக்குறைய செங்கோணத்தில் இருக்கும். நீட்டிச் சுருக்கும் கம்பு என்றால், பூட்டை இறுக்கியபின் மெல்ல மெல்ல உடல் எடையை அதன்மேல் சாய்த்துப் பாருங்கள். துளி இறங்கினாலும் வேண்டாம். குழாயில் குறித்திருக்கும் எல்லைக்கோட்டுக்கு மேல் இழுக்கவே கூடாது. வீட்டில் பல பேர் மாற்றி மாற்றி எடுக்கப்போவதில்லை என்றால் ஒரே துண்டாக வரும் கம்பே பாதுகாப்பு.

நம் ஊரில் பெரும்பாலும் தார்ச்சாலை, சிமெண்ட் தரை. கம்பின் எஃகு முனை அதில் வழுக்கும், முனைமேல் மாட்டும் ரப்பர் புஷ் கட்டாயம். பூட்ஸ் மாதிரி வடிவமுள்ள புஷ்ஷை எல்லோரும் செருப்பு போடுவதுபோல முன்பக்கம் பார்த்து மாட்டுகிறார்கள். அதன் நுனி பின்பக்கம் பார்க்க வேண்டும். கம்பு சாய்ந்து ஊன்றும்போதுதான் அடிப்பாகம் முழுதாகத் தரையில் படியும். தேய்ந்து முனை எட்டிப்பார்க்கத் தொடங்கினால் உடனே மாற்றிவிடுங்கள். கண்மாய்க் கரையின் மண்தரையில் மட்டும் புஷ்ஷைக் கழற்றிவிட்டு நடக்கலாம்.

தொடக்கத்தில் ஊன்றவே வேண்டாம். வாரை மாட்டிக்கொண்டு, கம்பைப் பின்னால் தரையில் இழுபடவிட்டு, கையை வீசி நடங்கள். வலது காலோடு இடது கை தானாக வந்து சேரும். அந்த ஓட்டம் பிடிபட்டதும் மெதுவாக அழுத்தத் தொடங்குங்கள். கம்பு எப்போதும் பின்சாய்வாகவே இருக்கட்டும். உடலுக்கு முன்னால் குத்தினால் அது பிரேக் போட்டதாகிவிடும்.

தெருநாய் எதிரே வந்தால் இரண்டையும் ஒரே கையில் செங்குத்தாகப் பிடித்துக்கொண்டு நின்று போங்கள். வீசும் கம்பைப் பார்த்தால் அது குரைக்கும். மாசி வீதி போன்ற நெரிசலில் கம்பே வேண்டாம்.

அடிக்கடி தலைசுற்றல் வருபவர்கள், பக்கவாதத்துக்குப்பின் நடை பழகுகிறவர்கள், தோள் இறுகிப்போனவர்கள், நடக்கும்போது நெஞ்சு அடைப்பதாக உணர்கிறவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடங்காதீர்கள். கைத்தடிக்குப் பதில் இதை வாங்கித்தரும் பிள்ளைகளும் கவனியுங்கள்: இது நன்றாக நடக்கிறவர் வேகமாக நடப்பதற்கானது, தடுமாறுகிறவரைத் தாங்குவதற்கானது அல்ல. ஏற்கெனவே வாங்கிவிட்டீர்கள் என்றால், வழக்கமாகப் போடும் ஷூவையும் எடுத்துக்கொண்டு பக்கத்திலிருக்கும் இயன்முறை மருத்துவரிடம் போய் ஒருமுறை நடந்து காட்டுங்கள். வெறுங்காலில் நின்று வைத்த உயரம் ஷூ போட்டதும் மாறிவிடும்.