அக்கொலூதேயோ: ஒரு கிரேக்க வினையும் அதன் தமிழ் நிகரும்

பண்டைக் கிரேக்கத்தில் 'பின்செல்' என்னும் பொருளுக்குப் பெரிதும் வழங்கிய வினைச்சொல் 'அக்கொலூதேயோ' என்பது. கிரேக்க அகராதிகள் வினைச்சொல்லைத் தன்மை ஒருமை நிகழ்கால வடிவில் தருவது மரபாதலால், இவ்வடிவத்தை அப்படியே பெயர்த்தால் 'பின்செல்கிறேன்' என்று வரும். புதிய ஏற்பாட்டில் ஏறத்தாழ 90 இடங்களில் இச்சொல் ஆளப்பட்டுள்ளது. அவற்றுள் மிகப் பெரும்பாலானவை நான்கு நற்செய்தி நூல்களிலேயே அமைந்துள்ளன. ஆகவே தமிழில் இச்சொல்லைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் விவிலிய மொழிபெயர்ப்பை ஒட்டியே எழுகிறது. எனினும் சொல்லின் வரலாறு அதற்குப் பல நூற்றாண்டுகள் முந்தியது.

இவ்வினை 'அக்கொலூதொஸ்' என்னும் சொல்லிலிருந்து பிறந்தது. அதன் முதலில் நிற்கும் 'அ' எதிர்மறை முன்னொட்டு அன்று. 'ஒன்றாக', 'உடன்' என்னும் பொருள் தரும் வேறொரு முன்னொட்டு. அடுத்த பகுதி 'கெலெயுதொஸ்', அதாவது வழி, உயிரெழுத்துத் திரிந்து நிற்பது. ஹோமரின் காப்பியங்களில் கடலை 'ஈர வழிகள்' என்று குறிக்கும் தொடரில் வருவதும் இந்தக் 'கெலெயுதொஸ்' தான். எனவே 'அக்கொலூதொஸ்' என்பவர் ஒரே வழியில் உடன் நடப்பவர், உடன்வழியர். 'பின்' என்னும் கருத்து சொல்லின் உறுப்புகளில் எங்கும் இல்லை என்பதை இங்கே குறித்துக்கொள்ள வேண்டும். தமிழில் நாம் இச்சொல்லுக்குத் தரும் நிகர்கள் ஏறத்தாழ எல்லாமே 'பின்' என்றே தொடங்குகின்றன.

ஹோமர் இவ்வினையை ஆள்வதில்லை. அவர் காலத்தில் அப்பொருளுக்கு வழங்கியது 'ஹெப்பொமாய்' என்னும் பழைய வினை. இலத்தீனின் 'செக்குவோர்', வடமொழியின் 'ஸசதே' ஆகியவை அதனுடன் ஒரே வேரில் கிளைத்தவை. பிற்பாடு ஏதென்ஸ் நகரத்தின் உரைநடையிலும் நாடகத்திலும் 'அக்கொலூதேயோ' நிலைபெற்றது. அந்நகரத்துச் செல்வர் வெளியே புறப்படும்போது உடன் வரும் அடிமை ஏவலருக்கு 'அக்கொலூதொஸ்' என்றே பெயர். தலைவனும் ஏவலனும் ஒரே வழியில் நடந்தாலும் முன்னே நடப்பவர் யார் என்பதில் ஐயம் இருக்க முடியாதாகையால், 'உடன்' என்ற பொருள் 'பின்' என்ற பொருளை நோக்கிச் சாய்ந்தது வழக்கினால் நேர்ந்தது என்று கொள்ளலாம்.

ஆயினும் இலக்கணம் பழைய பொருளை விட்டுவிடவில்லை. இவ்வினை செயப்படுபொருள் வேற்றுமையை ஏற்காமல், கிரேக்கத்தின் நான்காம் வேற்றுமையை ஏற்கிறது. அந்த வேற்றுமை, முன்பு தனித்தனியே இருந்த கொடை, கருவி, இட வேற்றுமைகள் ஒன்றாய்க் கலந்தது. தமிழில் 'ஒடு' உருபு காட்டும் உடனிகழ்ச்சிப் பொருளும் அதற்குள் அடங்கும். 'அக்கொலூதேயி மொய்' என்னும் கட்டளையில் உள்ள 'மொய்' அவ்வாறே 'என்னொடு' என்ற சாயலைத் தாங்கி நிற்கிறது. 'என்னைப் பின்பற்று' என்று இரண்டாம் வேற்றுமையில் பெயர்க்கும்போது அச்சாயல் கழன்றுவிடுகிறது.

சொல் காலால் நடத்தல் என்னும் பொருளிலேயே நின்றுவிடவில்லை. ஒரு கூற்றிலிருந்து மற்றொரு கூற்று பெறப்படுவதைக் குறிக்க அரிஸ்டாட்டில் இதே வினையைத் தம் தருக்க நூல்களில் ஆண்டார். ஸ்தோயிக் மெய்யியலார், மனிதனின் குறிக்கோள் 'இயற்கையோடு இயைந்து வாழ்தல்' என்று கூறியபோது 'இயைந்து' என்னும் பொருளுக்கு இச்சொல்லின் வினையடை வடிவத்தைப் பயன்படுத்தினர். 'உலகத்தோ டொட்ட ஒழுகல்' என்னும் 140ஆம் குறளின் தொடரை இங்கே நினைத்துப் பார்க்கலாம். வள்ளுவர் சொல்லும் உலகம் உயர்ந்தோர் வழக்கு, ஸ்தோயிக்கர் சொல்லும் இயற்கை அண்டத்தின் ஒழுங்கு என்றாலும், 'ஒடு' என்னும் உருபும் 'ஒட்ட' என்னும் சொல்லும் கூடித் தரும் பொருள் கிரேக்கச் சொல்லுக்கு 'பின்பற்று' என்பதைவிட நெருக்கமானது. தொடக்கமும் முடிவும் ஒன்றோடொன்று பொருந்தாமல் முறியும் வாக்கியத்தை மேனாட்டு இலக்கணத்தார் 'அனக்கொலூதொன்' என்பர். அதில் முன்னே நிற்கும் 'அன்' உண்மையாகவே எதிர்மறை. 'முடிபு இயையாத் தொடர்' என்று தமிழில் சொன்னால் போதும்.

அப்படியானால் 'பின்' எங்கிருந்து இவ்வளவு வலுப்பெற்றது? எபிரேய மறைநூலைக் கிரேக்கத்தில் பெயர்த்தவர்கள், 'பின்னால் நட' என்னும் எபிரேயத் தொடரை எதிர்கொள்ள நேர்ந்தது. எலிசா எலியாவிடம் 'உம் பின்னே வருவேன்' என்று கூறும் இடத்தில் (1 அரசர்கள் 19:20) அவர்கள் இவ்வினையோடு 'ஒப்பிசோ', அதாவது 'பின்னால்', என்ற சொல்லையும் சேர்த்தனர். வினை தனியே அப்பொருளைத் தெளிவாகத் தந்திருந்தால் அச்சேர்க்கைக்குத் தேவை இருந்திராது. இதனினும் சுவையானது ரூத்து 1:14. எபிரேயத்தில் ரூத்து தன் மாமியாரை 'ஒட்டிக்கொண்டாள்' என்று உள்ளது. கிரேக்கத்திலோ அதே இடத்தில் 'அக்கொலூதேயோ'வின் இறந்தகால வடிவம் நிற்கிறது. பற்றிக்கொள்வதும் உடன் நடப்பதும் அம்மொழிபெயர்ப்பாளருக்கு ஒன்றாகவே தோன்றியிருக்கின்றன. தமிழின் 'பின்பற்று' என்பதிலும் 'பற்று' ஒளிந்திருக்கிறது.

இனித் தமிழ் நிகர்களுக்கு வருவோம். மத்தேயு 9:9இல் சுங்கத்துறையில் அமர்ந்திருந்தவரை இயேசு அழைக்கும் சொற்றொடரை 1871ஆம் ஆண்டுப் பழைய திருப்புதல் என்னும் தமிழ் விவிலிய மொழிபெயர்ப்பு 'எனக்குப் பின்சென்று வா' என்று பெயர்க்கிறது. சிலுவையைச் சுமக்கச் சொல்லும் 16:24இல் அதே வினைக்கு 'என்னைப் பின்பற்றக்கடவன்' என்கிறது. உடலால் நடந்துசெல்லும் இடத்தில் 'பின்செல்', சீடராக வாழும் இடத்தில் 'பின்பற்று' என்ற இப்பகுப்பு நியாயமானதே. ஆனால் அழைப்பு நிகழும் இடத்தில் இரு பொருளும் ஒன்றாகவே கிடக்கின்றன. எழுந்து நடந்ததே சீடராவதன் தொடக்கம். 1995இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பு 'என்னைப் பின்பற்றி வா' என்கிறது. கிரேக்கத்தில் அக்கட்டளை, தொடர்ந்து செய்யும் செயலைச் சுட்டும் வடிவில் உள்ளது. தமிழிலோ 'வா' நடந்து வருதலையும் குறிக்கும். 'படித்து வருகிறான்' என்பதில் போலத் துணைவினையாய் நின்று தொடர்ச்சியையும் குறிக்கும். இவ்வளவு இயல்பாகப் பொருந்தும் இடம் மொழிபெயர்ப்பில் அரிதாகவே வாய்க்கும்.

எல்லா இடத்துக்கும் 'பின்பற்று' உதவாது என்பதற்கு மத்தேயு 9:19 சான்று. இறந்த மகளுக்காக வேண்டிய தலைவர் ஒருவருக்குப் பின்னே இயேசு எழுந்து போகிறார். அங்கும் வினை இதுவே. அவர் அத்தலைவரைப் 'பின்பற்றினார்' என்றால் பொருள் கெடும்.

'வழி' என்னும் தமிழ்ச்சொல் பாதையையும், 'பின்னர் வருவது' என்ற பொருளையும் ஒருங்கே தரும். தொல்காப்பிய மரபியல் கூறும் முதனூல், வழிநூல் என்னும் பகுப்பும், கூட்டங்களில் இன்றும் வழங்கும் 'வழிமொழிதல்' என்பதும் அதைக் காட்டும். ஆதலால் சொற்பிறப்பை விளக்க 'உடன்வழிச் செல்' என்பதே மிகப் பொருத்தமானது என்பது என் கருத்து. உறுப்பளவில் அதனை ஒத்த 'வழிபடு' என்பது இன்று தெய்வத்தை வணங்குதல் என்னும் பொருளில் ஒடுங்கிவிட்டதால் அதனைக் கையாள முடியாது. 'அனுசரி' என்பதோ பேச்சுவழக்கில் விட்டுக்கொடுத்துப் போதல் என்றாகிவிட்டது. தற்காலக் கிரேக்கர் சமூக ஊடகக் கணக்கைத் தொடர்வதற்கும் இவ்வினையையே ஆள்கின்றனர். அதற்குத் தமிழில் 'பின்தொடர்' வழக்கூன்றிவிட்டது. தூதரகத்தில் பணிபுரியும் துறைசார் அலுவலருக்கும் அவர்கள் 'அக்கொலூதொஸ்' என்றே சொல்கின்றனர்.

இறுதியாக ஓர் எச்சரிக்கை. பவுல் தம் மடல்களில் கிறிஸ்துவைப் பின்செல்லுதல் என்னும் பொருளில் 'அக்கொலூதேயோ'வை ஆள்வதில்லை. உடன்வந்த பாறையைப் பற்றிச் சொல்லும் 1 கொரிந்தியர் 10:4 ஒன்றில் மட்டுமே அவர் அதைப் பயன்படுத்துகிறார். 11:1இல் அவர் எழுதுவது 'மிமேதாய்', அதாவது ஒருவரைப் பார்த்து அவர்போல் செய்பவர்கள். பழைய திருப்புதல் அங்கும் 'பின்பற்றுகிறவர்கள்' என்று பெயர்த்துவிட்டதால், தமிழை மட்டும் வைத்து ஆராய்பவர் இரு வேறு கருத்துகளை ஒன்றென எண்ண நேர்கிறது. 'பின்பற்று' என்பதை 'அக்கொலூதேயோ'வுக்கு ஒதுக்கி, 'மிமேதாய்' வரும் இடங்களில் 'ஒத்தொழுகுபவர்' என்று பெயர்த்தால் இம்மயக்கம் நீங்கும்.