உருகாமல் வெளுத்த கண்ணாடி

பனங்கற்கண்டு காய்ச்சுகிறவர்கள் பாகை ஊற்றி வைக்கும் பாத்திரத்துக்குள் நூல் கட்டியிருப்பார்கள். பாகில் கரைந்திருக்கும் சர்க்கரை ஒட்டிக்கொண்டு படிகமாக வளர ஓர் இடம் வேண்டும், அதற்குத்தான் நூல். டொனால்ட் ஸ்டூக்கி என்ற அமெரிக்க வேதியியலாளர் கண்ணாடியில் செய்த வேலை எனக்குச் சரியாகப் பிடிபட்டது இந்த நூலை நினைத்துப் பார்த்தபோதுதான்.

1915-ல் நெப்ராஸ்காவில் பிறந்தவர், 1940-ல் எம்.ஐ.டி.யில் முனைவர் பட்டம் வாங்கிய கையோடு நியூயார்க் மாநிலத்தில் உள்ள கார்னிங் கண்ணாடி நிறுவனத்தில் சேர்ந்தார். ஒளி பட்ட இடத்தில் படம் விழும் கண்ணாடி ஒன்றைச் செய்து பார்த்துக்கொண்டிருந்தார். லித்தியம் சிலிக்கேட் கண்ணாடியில் துளியூண்டு வெள்ளி கலந்திருக்கும். புற ஊதா ஒளியைக் காட்டி 600 டிகிரி வாக்கில் சூடாக்கினால், ஒளி பட்ட இடங்களில் வெள்ளி அணுக்கள் சிறுசிறு துகள்களாகத் திரளும்.

1950-களின் தொடக்கத்தில் ஒருநாள் அப்படி ஒரு தகட்டை உலையில் வைத்திருந்தார். வெப்பக் கட்டுப்பாடு கோளாறாகி உலை 900 டிகிரிக்கு ஏறிவிட்டது. அந்தச் சூட்டில் இந்தக் கண்ணாடி உருகி ஓடி உலையையே பாழாக்கியிருக்க வேண்டும். பதறிக்கொண்டு திறந்து பார்த்தால் தகடு வைத்த வடிவம் கலையாமல், பால் போல வெளுத்துக் கிடக்கிறது! இடுக்கியால் வெளியே எடுக்கும்போது நழுவித் தரையில் விழுந்தது. கண்ணாடி விழுந்த சத்தம் இல்லை, உலோகம் விழுந்தது போல கணீரென்று கேட்டது, உடையவும் இல்லை.

உள்ளே என்ன நடந்தது? கண்ணாடியில் அணுக்கள் ஒழுங்கில்லாமல் அப்படியே உறைந்து நிற்கும், கடலை மிட்டாய்ப் பாகு சட்டென்று ஆறி இறுகியது போல. சூட்டைக் கூட்டினால் அணுக்கள் மெல்ல நகர்ந்து ஒழுங்காக அடுக்கிக்கொள்ளப் பார்க்கும், அதாவது படிகமாகும். கண்ணாடித் தொழிலில் இது பெரிய குறை, ஏனென்றால் வழக்கமாகப் படிகம் மேற்பரப்பில் தொடங்கிக் கரடுமுரடாக வளர்ந்து பண்டத்தைக் கெடுத்துவிடும். ஸ்டூக்கியின் தகட்டிலோ வெள்ளித் துகள்கள் உள்ளே எல்லா இடத்திலும் நூல் போலக் காத்திருந்தன. எண்ணிலடங்காத இடங்களில் ஒரே நேரத்தில் படிகம் தொடங்கியதால் எதற்கும் பெரிதாக வளர இடமில்லை, எல்லாம் பொடிப்பொடியாக ஒன்றோடொன்று பின்னிக்கொண்டன. அந்தப் பின்னல்தான் சூட்டில் வடிவத்தைத் தாங்கிப் பிடித்தது, விரிசல் ஓடினாலும் நேராகப் போக விடாமல் வளைத்து வளைத்து மடக்குவதும் அதுதான்.

உலை கெட்டது தற்செயல். ஆனால் கெட்டுப்போன துண்டு என்று அதைத் தூக்கிப்போடாமல், ஏன் உடையவில்லை என்று கேட்டாரே, அதைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். வெள்ளிக்குப் பதிலாக டைட்டானியம் டை ஆக்சைடை விதையாகப் போட்டால் ஒளி காட்டத் தேவையே இல்லை என்று அப்புறம் கண்டுபிடித்தார். முதலில் குறைந்த சூட்டில் விதைகளை உண்டாக்கு, பிறகு சூட்டை ஏற்றிப் படிகத்தை வளர்த்தெடு, இதுதான் செய்முறை. கண்ணாடிப் பீங்கான் என்ற பொருள் வகையே இப்படித்தான் பிறந்தது. ஏவுகணைகளின் கூம்பு மூக்குக்குப் போன இந்தப் பொருள் வகைதான், 1958-ல் கார்னிங்வேர் என்ற பெயரில் வெள்ளைச் சமையல் பாத்திரமாகக் கடைக்கு வந்தது.

சூடான காபியை ஊற்றியதும் கண்ணாடி டம்ளர் படீரென்று விடுவதைப் பார்த்திருப்பீர்கள். உள்பக்கம் சட்டென்று விரிகிறது, வெளிப்பக்கம் இன்னும் குளிர்ந்தே இருக்கிறது, அந்த இழுபறியில்தான் உடைகிறது. கண்ணாடிப் பீங்கானில் வளர்க்கும் சில லித்தியம் அலுமினியம் சிலிக்கேட் படிகங்கள் சூட்டில் அநேகமாக விரிவதே இல்லை, சில வகை கொஞ்சம் சுருங்கக்கூட செய்யும். மிச்சமிருக்கும் கண்ணாடியின் விரிவும் இந்தச் சுருக்கமும் ஒன்றையொன்று ஈடுகட்டும்படி கலவையை அமைத்தால் மொத்த விரிவைப் பூஜ்ஜியத்துக்குப் பக்கத்தில் கொண்டுவந்துவிடலாம். பல இண்டக்ஷன் அடுப்புகளின் கறுப்புத் தகடு இந்தக் குடும்பத்துப் பொருள்தான். நடுவில் பாத்திரம் கொதிக்கும், நாலு விரல் தள்ளி ஓரத்தைத் தொட்டால் சூடே தெரியாது, ஆனாலும் விரிசல் விடாது. பெரிய தொலைநோக்கிகளின் ஆடிகளை இதில் செய்வதும் இந்தக் குணத்துக்காகத்தான். பல் மருத்துவர் பல்லுக்கு மாட்டும் உறைகளில் ஒரு வகை லித்தியம் டைசிலிக்கேட், அதுவும் கண்ணாடிப் பீங்கானே.

வெயிலில் கறுத்து நிழலில் தெளியும் மூக்குக்கண்ணாடி இருக்கிறதே, அதற்கான கண்ணாடியையும் 1960-களில் வில்லியம் ஆர்மிஸ்டெட் என்பவரோடு சேர்ந்து செய்தவர் ஸ்டூக்கிதான். அதிலும் வெள்ளிதான், குளோரின் போன்றவற்றோடு சேர்ந்த வெள்ளி ஹாலைடுப் படிகங்களாக. புற ஊதா ஒளி பட்டதும் வெள்ளி பிரிந்து கறுக்கும், நிழலுக்கு வந்தால் பழையபடி சேர்ந்துகொள்ளும். ஸ்டூக்கி 2014 நவம்பரில் 99 வயதில் காலமானார்.