பூஜ்ஜியத்தில் உறையாத மேகங்கள்

தண்ணீர் பூஜ்ஜியம் டிகிரியில் உறையும் என்று படித்ததை மேகத்திடம் சொல்லிப் பயனில்லை. வெப்பமண்டலத்தில் ஏறத்தாழ 5 கிலோமீட்டர் உயரத்துக்கு மேல் காற்று பூஜ்ஜியத்துக்குக் கீழே போய்விடுகிறது. ஆனாலும் அங்குள்ள பல மேகத்துளிகள் நீராகவே மிதக்கும். துகளின் துணை இல்லாவிட்டால் சுமார் −38 டிகிரி வரைகூடத் தாக்குப்பிடிக்கும்.

உறைய வேண்டுமானால் முதலில் நீர் மூலக்கூறுகள் படிக ஒழுங்கில் கூடி ஒரு கரு உருவாக வேண்டும். தகுந்த மேற்பரப்புள்ள துகள் இருந்தால் அது சீக்கிரம் நடக்கும். தகுந்த துகள்தான் அபூர்வம். −20 டிகிரியில் ஒரு லிட்டர் காற்றுக்கு ஏறக்குறைய ஒன்று கிடைக்கலாம். மற்ற துகள்களோ அதே லிட்டரில் லட்சக்கணக்கில் இருக்கும். ஆகவே புகை கூடினால் மேகத்தில் பனியும் கூடும் என்று யாராவது சொன்னால் நம்பிவிடாதீர்கள். புகைக்கரி இந்த வேலையில் ரொம்ப மந்தம்.

பாலைவனத் தூசு வேறு ரகம். அதிலுள்ள பொட்டாசியம் ஃபெல்ட்ஸ்பார் கனிமம் −15 டிகிரி வாக்கிலேயே நன்றாக வேலை செய்யும். சஹாராவில் கிளம்பும் தூசு அட்லாண்டிக்கைத் தாண்டி கரீபியன், அமேசான் வரை போகிறது. உயிரிகள் இன்னும் கெட்டி: இலைகளில் வாழும் சூடோமோனாஸ் சிரிஞ்சே பாக்டீரியாவின் புரதம் −2 டிகிரியிலேயே நீரை உறைய வைத்துவிடும்.

எது எது என்று பிரித்துப் பார்க்க நாங்கள் செய்யும் சோதனை எளிமையானது. வடிதாள் வழியாகக் காற்றை இழுத்து, படிந்ததைத் தண்ணீரில் கழுவி, அந்த நீரைச் சின்னச் சொட்டுகளாகத் தட்டில் வைத்து மெல்லக் குளிர வைப்போம். எந்தச் சொட்டு எத்தனை டிகிரியில் உறைகிறது என்று குறித்துக்கொள்வோம். அப்புறம் அதே நீரைக் கொதிநிலைக்கு அருகே சூடாக்கிவிட்டு மறுபடியும் குளிர வைப்போம். முன்பு −8 டிகிரியில் உறைந்தது இப்போது −15 வரை இழுத்தடித்தால், சூட்டில் புரதம் சிதைந்திருக்கிறது, துகள் உயிரியிலிருந்து வந்தது என்று கொள்ளலாம். கனிமத் தூசு சூட்டுக்கு அவ்வளவாக அசையாது. இதில் கைச்சுத்தம்தான் எல்லாம். எதுவும் கலக்காத நீர் என்று எடுத்து வைத்ததே −38க்கு வெகு முன்னால் உறைந்து பாடம் எடுக்கும்.

சரி, துகள் இவ்வளவு அபூர்வமென்றால் வெப்பமண்டல மேகங்களில் துகள் கணக்கைவிடப் பல மடங்கு படிகங்கள் எப்படி வருகின்றன? ஹாலெட், மாசப் என்ற ஆய்வாளர்கள் இருவரும் 1974இல் ஒரு வழியைக் காட்டினார்கள். −3 முதல் −8 டிகிரிக்குள், விழுந்துகொண்டிருக்கும் பனியுருண்டையில் நீர்த்துளிகள் மோதி உறையும்போது சில்லுகள் தெறிக்கின்றன. ஒவ்வொரு சில்லும் ஒரு புதுப் படிகம். முதல் சில படிகங்களுக்கு மட்டும் துகள் போதும்.

செயற்கை மழைத் திட்டங்களை எடைபோடும்போது மேக உச்சி எவ்வளவு குளிர்ந்திருக்கிறது என்று முதலில் கேளுங்கள். பனி உருவாக மேகத்தில் தூவும் சில்வர் அயோடைடு என்ற உப்பு −5 டிகிரிக்குக் கீழேதான் பலன் தரும், அதுவும் உறையாத நீர் மிச்சமிருந்தால். முழுக்கப் பூஜ்ஜியத்துக்கு மேலேயே இருக்கும் வெதுவெதுப்பான மேகத்தில் அதைத் தூவுவது வீண். அங்கே துளிகள் மோதிச் சேர்ந்துதான் மழையாகின்றன. தூவுவதென்றால் ஈரத்தை இழுக்கும் சாதாரண உப்பு போன்ற துகளைத் தூவ வேண்டும். ஏற்கெனவே தூசு நிறைந்த குளிர்மேகத்தில் மேலும் துகள்களைக் கொட்டினால், இருக்கும் ஈரத்துக்குப் படிகங்கள் போட்டிபோட்டு, எல்லாமே சிறுத்து, மழையாக விழாமலும் போகலாம்.