பெறுபேறு பார்க்கும்போது சேர்வருக்குள் நடப்பது

சாதாரண தரப் பெறுபேறு வெளியாகிற இரவில் கோப்பாயிலிருந்து கொடிகாமம் வரைக்கும் எந்த வீட்டிலும் ஒரே கூத்துத்தான்: சுட்டெண்ணை அடிப்பது, திரையில் வட்டம் சுற்றுவதைப் பார்த்துக்கொண்டிருப்பது, பொறுமை போய்த் திரும்ப அழுத்துவது. திட்டு முழுக்க சிக்னலுக்கு. பாவம், அது தன் வேலையை எப்போதோ முடித்திருக்கும்.

நீங்கள் கேட்கும்வரை உங்கள் பெறுபேற்றுப் பக்கம் என்று ஒன்று பெரும்பாலும் எங்கேயும் இல்லை. தளத்தின் சின்னம், படங்கள் எல்லாம் கோப்பாகக் கிடக்கும். என்ஜின்எக்ஸ், அப்பாச்சி போன்ற வெப் சேர்வர் (கேட்பவருக்குப் பக்கங்களை எடுத்துக்கொடுக்கும் மென்பொருள்) அவற்றை அப்படியே எடுத்து அனுப்பிவிடும். சுட்டெண்ணோடு வரும் கோரிக்கை வேறு. பாதுகாப்பான இணைப்புக்கான வாசலான 443ஆம் போர்ட்டில் வந்து இறங்கும் அதன் மறையாக்கத்தை அவிழ்த்து வாசிக்கிற வெப் சேர்வர், இது கோப்பு விவகாரம் இல்லை என்று கண்டதும் பின்னால் நிற்கும், பிஎச்பி மாதிரியான மொழியில் எழுதிய நிரல் ஒன்றிடம் தள்ளிவிடுகிறது. இப்படி நிரலை அழைப்பதற்கு 1993இல் வந்த சிஜிஐ என்ற முறையில் ஒவ்வொரு கோரிக்கைக்கும் புதிதாக ஒரு புரோசஸ் (நிரலின் ஒரு ஓட்டம்) தொடங்கி, வேலை முடிந்ததும் செத்துப்போகும். இப்போது கோரிக்கைக்காகக் காத்திருக்கும் புரோசஸ்களை, அதாவது வேர்க்கர்களை, முன்கூட்டியே எழுப்பி வைத்திருக்கிறார்கள்.

வேர்க்கர் முதலில் வந்தது இலக்கம்தானா என்று பார்க்க வேண்டும் (பார்க்காமல் அப்படியே தரவுத்தளத்துக்குக் கொடுத்தால், விஷமி ஒருவன் சுட்டெண் பெட்டிக்குள் கட்டளையை எழுதி முழு அட்டவணையையும் உருவிவிடலாம்). பிறகு தரவுத்தளத்தைக் கேட்கும். சுட்டெண்ணுக்கு இன்டெக்ஸ் (ஒழுங்காக அடுக்கிய தேடல் பட்டியல்) போட்டிருந்தால் இலட்சக்கணக்கான வரிசைகளுக்குள்ளும் சில தாவலில் உங்களுடையது அகப்படும். வந்த பாடங்களையும் தரங்களையும் வார்ப்புருவில் நிரப்பி, உலாவி வாசிக்கும் எச்டிஎம்எல் ஆக்கி, எல்லாம் சரி என்று சொல்லும் 200 என்ற குறியோடு திருப்பி அனுப்பினால் சரி.

சிக்கல் எண்ணிக்கையில்தான். 50 வேர்க்கர்கள், ஒரு கோரிக்கைக்கு 0.2 விநாடி என்று வைப்போம்: விநாடிக்கு 250 பேர் பார்க்கலாம். நெரிசலில் தரவுத்தளம் திணறி அதே வேலைக்கு 2 விநாடி எடுத்தால் 25 பேர்தான், மிச்சப்பேர் வரிசையில். என்ஜின்எக்ஸ் வழமையாக 60 விநாடி பதிலுக்காகப் பொறுத்துப் பார்த்துவிட்டு 504 என்ற பிழைக்குறியோடு கைவிரிக்கும். பின்னால் இருப்பது விழுந்தே போயிருந்தால் 502. இதற்குள் நீங்கள் திரும்ப அழுத்தினால் பழைய கோரிக்கைக்காக ஒரு வேர்க்கர் அநேகமாக இன்னும் மாய்ந்துகொண்டிருக்கும், புதியது வரிசையின் கடைசியில் போய் நிற்கும், அதாவது கூட்டத்தைக் கூட்டுவதே நாங்கள்தான்.

என்னைக் கேட்டால், பெறுபேற்றுக்கு இந்தப் பாடு தேவையே இல்லை. வெளியானபின் அது மாறுவது அபூர்வம். எல்லாப் பக்கங்களையும் முதல்நாளே கோப்பாக்கி வைத்துவிட்டு, மீள்பரிசீலனையில் மாறியவற்றை மட்டும் பிறகு புதிதாக எழுதலாம்.