மீட்டர் கூட்டி ஓடவில்லை ஐயா, செயலிதான் பிழை

மீட்டர் பிழை என்று கூப்பிட இந்த மாதமும் ஒருவர். கொழும்பு வெள்ளவத்தையில் தொடர்மாடி வீடு. கனடாவிலிருந்து லீவில் வந்த மகன், வீட்டு மின்சாரத்தை அளந்து போனில் காட்டும் கருவி ஒன்றைக் கொண்டுவந்து, தானே பூட்டியும் விட்டுப் போயிருக்கிறார். ஒரு பில் கழிய அப்பா கூப்பிட்டார். "தம்பி, செயலியில 145 யூனிட். லைட் பில்லில 268. அரைவாசிக்கு அரைவாசி அடிக்கிறாங்கள். கடிதம் எழுதி வச்சிட்டன், நீங்க வந்து பார்த்து ஒரு கையெழுத்து மட்டும் போடுங்க."

போய்ப் பார்த்தால், செயலியின் அமைப்புப் பக்கத்தில் வோல்டேஜ் 120 என்று கிடக்கிறது. கனடா, அமெரிக்கா வீடுகளுக்கு வருவது 120 வோல்ட் லைவ் கம்பிகள் இரண்டு. எங்களுக்கு 230 வோல்ட். அந்தக் கருவி வோல்டேஜை அளப்பதே இல்லை. கம்பியைக் கவ்வியிருக்கும் வளையம் அம்பியரை மட்டும் பார்க்கும். வோல்டேஜை நாங்கள் சொன்னபடி நம்பிப் பெருக்கும். 230 என்று மாற்றியதும் 145 யூனிட் 278 ஆனது. பில்லைவிடப் பத்து கூட.

ஐயா கொஞ்ச நேரம் யோசித்தார். "அப்ப மீட்டர் குறைச்சு ஓடுதோ? சத்தம் போடாம விட்டுடுவமா?"

அதுவும் இல்லை. ஃபிரிட்ஜ், பழைய மின்விசிறி, தண்ணி மோட்டர், மலிவு எல்ஈடி பல்பு இவையெல்லாம் இழுக்கும் அம்பியர் முழுவதும் வேலையாக மாறுவதில்லை. ஒரு பங்கு வந்து திரும்பிப் போகும். மின்சார சபையின் மீட்டர் அந்தத் திரும்பிப் போகும் பங்கைக் கணக்கில் எடுக்காது. அம்பியரை மட்டும் பார்க்கும் கருவிக்கு அது தெரியாது, எல்லாவற்றையும் கூட்டிவிடும். ஆகவே வோல்டேஜைச் சரியாகப் போட்டாலும் இந்த வகைக் கருவி கொஞ்சம் கூட்டித்தான் சொல்லும். வாங்கும்போது கடைக்காரரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி இதுதான்: இது வோல்டேஜையும் சேர்த்து அளக்கிறதா? கவ்வும் வளையம் மட்டும் வந்து, கரண்டுக்கு எங்கேயும் தொடுப்பு இல்லாமல் பட்டரியில் ஓடுகிறது என்றால் அளக்கவில்லை. அவ்வளவுதான்.

நான் மின்சார சபைக்கு வக்காலத்து வாங்க வரவில்லை. மின்சாரம் விற்கும் மற்றக் கம்பனியான லெக்கோவுக்கும் இல்லை. மீட்டர் பழுதாகும், கண்டிருக்கிறேன். ஆனால் செயலி ஒரு எண்ணைக் காட்டுகிறது என்பதற்காக மீட்டர் கள்ளன் ஆகிவிடாது. கிளாஸ் 1 என்று முகத்தில் போட்டிருக்கும் மீட்டர் நூற்றுக்கு ஒரு வீதத்துக்குள் அளக்க வேண்டும் என்பது அதன் நியதி. நீங்கள் இணையத்தில் எடுத்த மலிவு வளையத்துக்கு அப்படி யாரும் உத்தரவாதம் தந்தார்களா? அதுவும் 200 அம்பியர் வளையத்தைக் கொண்டுவந்து 30 அம்பியர் இணைப்பில் மாட்டினால், ராத்திரி ஒரு ஃபேனும் ரவுட்டரும் மட்டும் ஓடுகிற நேரத்தில் அதற்கு அந்தக் கரண்ட் தெரியவே தெரியாது.

மீட்டரில் சந்தேகம் என்றால் முதலில் சும்மா பார்க்கலாம். மீட்டரின் முகத்தில் ஒரு சிவப்பு லைட் மினுங்கும். பக்கத்திலேயே ஒரு யூனிட்டுக்கு எத்தனை மினுக்கு என்று அடித்திருக்கும். 1600 என்று வைத்துக்கொள்வோம். வீட்டில் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு, 2000 வாட் கேத்தலை மட்டும் நிரப்பிப் போடுங்கள். பத்து மினுக்குக்குப் பதினொரு செக்கனுக்கு மேல் கொஞ்சம் எடுக்க வேண்டும். ஆறு செக்கனில் முடிந்தால் என்னைக் கூப்பிடுங்கள், கடிதத்தில் முதல் கையெழுத்து என்னுடையது. தொடர்மாடியில் மீட்டர்கள் கீழ்மாடிப் பெட்டி அறையில் இருக்கும், கேத்தல் ஆறாம் மாடியில் இருக்கும். ஆகவே இரண்டு பேர், இரண்டு போன். கேத்தலின் அடியில் எழுதியிருக்கும் வாட்டும் அச்சொட்டாக இராது, வோல்டேஜும் ஏறி இறங்கும். அதனால் ஒரு செக்கன் முன்பின்னுக்குச் சண்டை வேண்டாம்.

இன்னொரு இடத்திலும் எல்லோரும் தடுக்கி விழுகிறார்கள். செயலி முதலாம் திகதியிலிருந்து முப்பதாம் திகதி வரை எண்ணும். மீட்டர் ரீடர் தனக்கு வசதியான நாளில் வருவார். பில்லில் இரண்டு வாசிப்புத் திகதிகளும் இருக்கும், அதே இரண்டு நாளுக்கிடையே செயலியில் எடுத்து ஒப்பிடுங்கள். அதைச் செய்யாமல் என்னிடம் ஸ்கிரீன்ஷொட் அனுப்பாதீர்கள், தயவுசெய்து. பில் 34 நாளுக்கு என்றால் கட்டணப் படிகளும் அந்த நாட்களுக்கு ஏற்றபடி விரிக்கப்படும், "நாலு நாள் கூட்டி எடுத்து மேல்படிக்குத் தள்ளிட்டாங்கள்" என்ற கதையும் அநேகமாகச் சரிவராது. ஆனால் படி என்பது உண்மை. முப்பது நாளில் 60 யூனிட்டைத் தாண்டினால் தாண்டிய யூனிட்டுக்கு மட்டும் விலை கூடுவதில்லை, முதல் யூனிட்டிலிருந்தே வேறு கணக்கு. 90, 120, 180 தாண்டும்போது நிலையான கட்டணமும் ஏறும். "ஒரு யூனிட் இவ்வளவு ரூபா" என்று ஒரே விலையைப் போட்டு செயலி காட்டும் பணக் கணக்கை அதனால்தான் நான் பார்ப்பதே இல்லை. யூனிட்டைப் பாருங்கள், ரூபாவை விடுங்கள்.

இனி, கருவி வாங்கினால் பில் குறையும் என்ற நம்பிக்கை. ஓட்டோவில் ஏறி மீட்டரை உற்றுப் பார்த்துக்கொண்டே இருந்தால் காசு குறையுமா? 2022 ஓகஸ்டிலும் 2023 பெப்ரவரியிலும் கட்டணம் ஏறிய பிறகு இந்தக் கருவிகள் எல்லாக் கடையிலும் வந்துவிட்டன. கூடவே பிளக்கில் சொருகினால் மின்சாரம் மிச்சமாகும் என்று பச்சை லைட் எரியும் பெட்டிகளும். உள்ளே ஒரு கப்பாசிட்டர், ஒரு எல்ஈடி. மேலே சொன்ன திரும்பிப் போகும் பங்கை அது கொஞ்சம் குறைக்கலாம். வீட்டு மீட்டர் அந்தப் பங்குக்குக் காசே எடுப்பதில்லையே! அந்தப் பச்சை லைட் பெட்டியையும் அளக்கும் கருவியையும் சேர்த்து விற்பவர் கடையில் எதுவும் வாங்காதீர்கள்.

எதை வாங்குவது என்று கேட்பவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது, உங்களுக்கு எது தெரிய வேண்டும்? ஃபிரிட்ஜ் எவ்வளவு எடுக்கிறது என்றா? அதற்குப் பிளக்குக்கும் சொக்கட்டுக்கும் நடுவே போடும் ஒரு சின்ன மீட்டர் போதும். 24 மணித்தியாலம் விட்டுப் பாருங்கள், ஃபிரிட்ஜ் நின்று நின்று ஓடும் சாமான், பத்து நிமிடம் பார்த்தால் ஒன்றும் விளங்காது. வைஃபை பிளக்கும் வாங்கலாம். ஆனால் ஒரே கம்பனி, ஒரே உருவம், ஒன்று அளக்கும், மற்றது வெறும் சுவிட்ச். பெட்டியில் மின்சார அளவீடு என்று எழுதியிருக்கிறதா என்று வாசித்து எடுங்கள். 10 அம்பியர் வைஃபை பிளக்கில் ஏசியையோ சுடுதண்ணி ஹீட்டரையோ கொழுவாதீர்கள். உருகிய பிளக்குகள் என் மேசை லாச்சியில் ஒரு பை நிறைய இருக்கின்றன. நீங்களும் ஒன்று சேர்க்க வேண்டியதில்லை.

ஹீட்டர் என்றதும் ஒன்று. பெரிய வாட்டைக் கண்டு பயப்படுகிறார்கள், நேரத்தை மறந்துவிடுகிறார்கள். 4500 வாட் ஹீட்டரில் பத்து நிமிடக் குளிப்பு முக்கால் யூனிட். 75 வாட் மின்விசிறி பத்து மணித்தியாலம் ஓடினாலும் அதே முக்கால் யூனிட். யாரும் பார்க்காத டீவியின் செட்-டொப் பெட்டி 10 வாட்டில் மாதம் முழுக்கச் சும்மா கிடந்தால் ஏழு யூனிட் போகும். 58ல் நிற்க வேண்டிய வீட்டை 65க்குத் தள்ள அது காணும்.

மொத்த வீட்டையும் பார்க்க வேண்டுமென்றால் மெயின் சுவிட்ச் பெட்டியில் மாட்டும் கருவி. இதன் உண்மையான பயன் மாதக் கணக்கில் இல்லை, விடியற்காலை இரண்டு மணிக்குச் செயலி வரையும் கோட்டில் இருக்கிறது. வீடு உறங்கும்போது எவ்வளவு போகிறது? தெகிவளைப் பக்கம் ஒரு வீட்டில் அந்த நேரத்தில் கோடு தரையோடு போய்க்கொண்டிருந்து, அரை மணித்தியாலத்துக்கு ஒருதடவை 750 வாட்டுக்கு எழும்பி விழுந்தது. தண்ணி மோட்டர். ஆள் இல்லாத குளியலறையில் கொமட் தொட்டி சத்தமில்லாமல் ஒழுகிக்கொண்டிருந்திருக்கிறது, பிரஷர் போட்ட மோட்டர் எழும்பி எழும்பி நிரப்பியிருக்கிறது. ஒரு வாஷர் மாற்றினார்கள். இதற்குத்தான் கருவி.

மூன்று பேஸ் வீடென்றால், அதாவது மூன்று லைவ் கம்பி வரும் வீடென்றால், வளையம் மூன்று வேண்டும். ஒன்றோடு வரும் மலிவுப் பெட்டியை வாங்கிவிட்டு "மிச்சம் ரெண்டுக்கும் கணக்குப் பார்த்துப் போடலாம்" என்று ஆரம்பிக்காதீர்கள். கூரையில் சோலார் இருந்தால் போவதையும் வருவதையும் பிரித்துக் காட்டும் கருவிதான் வேண்டும். அதற்கும் வோல்டேஜ் அளக்கத் தெரிய வேண்டும், இல்லாவிட்டால் நீங்கள் சபைக்குக் கொடுத்ததையும் செலவு என்று கூட்டும். நேரத்துக்கு நேரம் விலை மாறும் கட்டண முறையில் இருப்பவர்கள், பின்னேரம் ஆறரையிலிருந்து இரவு பத்தரை வரை தனியாகக் கூட்டிக் காட்டுமா என்று பார்த்து எடுங்கள். இணையம் அறுந்தாலும் தனக்குள்ளேயே பதிந்து வைக்கும் கருவிக்குக் கொஞ்சம் கூடக் கொடுத்தாலும் பரவாயில்லை. கம்பனி தன் சேர்வரை மூடிவிட்டால் மற்றதெல்லாம் வெறும் பிளாஸ்டிக்.

பூட்டும் வேலைக்கு வருவோம், இதில் மட்டும் நான் கெஞ்சித்தான் கேட்கிறேன். மெயின் சுவிட்சை ஒஃப் பண்ணிவிட்டால் பெட்டிக்குள் கரண்ட் இல்லை என்று நினைக்கிறீர்கள். மீட்டரிலிருந்து வந்து மெயின் சுவிட்சில் ஏறும் கம்பியில் எப்போதும் 230 வோல்ட் இருக்கும். நீங்கள் வளையம் மாட்டப் போவது சரியாக அந்தக் கம்பியில். ட்ரிப் சுவிட்ச் அதற்குப் பிறகுதான் இருக்கிறது, அந்த இடத்தில் கை பட்டால் அது உங்களைக் காப்பாற்றாது. மரைன் டிரைவ் பக்கத்து வீடுகளில் உப்புக்காற்று குடித்த திருகாணிகள் வேறு, தொட்டால் கம்பி கழன்று வரும்.

நிறத்தை நம்பி வேலை செய்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. பழைய மூன்று பேஸ் வயரிங்கில் நீலம் லைவ், கறுப்பு நியூட்ரல், அதாவது கரண்ட் திரும்பிப் போகும் கம்பி. புதிய முறையில் நீலம் நியூட்ரல், கறுப்பு லைவ். பாதி பழையது, பாதி புதியது என்று இருக்கும் வீடுகள் கொட்டாஞ்சேனையில் தெருவுக்குத் தெரு உண்டு. யூடியூபில் பார்த்த நிறம் உங்கள் வீட்டு நிறமில்லை. டெஸ்டர் வைத்துப் பார்க்காத வயரிங் பாஸை வீட்டுக்குள் எடுக்காதீர்கள்.

லைவையும் நியூட்ரலையும் சேர்த்து ஒரே வளையத்துக்குள் விட்டுவிட்டு "ஒண்டும் காட்டுதில்லை" என்று மூன்று கருவி மாற்றியவரையும் எனக்குத் தெரியும். போனதும் வந்ததும் ஒன்றையொன்று வெட்டிவிட்டால் பூச்சியம்தானே வரும். ஒரு வளையம், ஒரு கம்பி.

வளையம் உங்கள் வீட்டுப் பெட்டியில்தான் போக வேண்டும். கீழ்மாடி மீட்டர் அறையில் மாட்டினால் வைஃபை எட்டாது, இரும்புக் கதவு வேறு. மீட்டரிலும் அதன் முன்னால் உள்ள உருகியிலும் இருக்கும் சீல் சபையுடையது. அதைத் திறந்து "உள்ளுக்கு மாட்டினால் நேர்த்தியா இருக்கும்" என்று சொல்பவரை வாசலோடு திருப்பி அனுப்புங்கள். சீல் அறுந்த மீட்டரோடு பிடிபட்டால், அளக்கத்தான் திறந்தேன் என்று நீங்கள் சொல்வதை அங்கே யாரும் கேட்கப் போவதில்லை.