உளுந்து வேரில் ஏன் சிவப்பு?

"உளுந்துச் செடியைப் பிடுங்கினால் வேரில் மணிமணியாகக் கட்டி. நூற்புழுவா?" என்று கேட்கிறார் ஒரு வாசகர். விரலால் உரசிப் பாருங்கள். வேரைத் தாக்கும் நுண்ணிய நூற்புழுவால் வந்த வீக்கம் வேரோடு வேராக இருக்கும், பிரியாது. பக்கவாட்டில் ஒட்டியிருந்து உதிர்ந்தால் அது பாக்டீரியா குடியிருக்கும் வேர் முடிச்சு. நகத்தால் கீறினால் உள்ளே சிவப்பா? தழைச்சத்து (நைட்ரஜன் சத்து) தயாராகிறது. வெள்ளையென்றால் முடிச்சு இளசு, அல்லது உள்ளே இருப்பது உதவாத பாக்டீரியா. பச்சையென்றால் வயதாகிவிட்டது.

காற்றில் 78 சதவீதம் நைட்ரஜன் இருந்தும் செடியால் அதை நேரடியாக எடுக்க முடியாது. வேர் கசியவிடும் ஃபிளேவனாய்டு என்ற வேதிப்பொருளுக்கு மண்ணிலுள்ள பிராடிரைசோபியம் என்ற பாக்டீரியா பதில் சமிக்ஞை அனுப்ப, வேர்த்தூவி சுருண்டு அதை உள்ளே விடும். இதெல்லாம் பாடப்புத்தகத்திலேயே உண்டு.

வேடிக்கை அதற்கப்புறம்தான். ஒரு நைட்ரஜன் மூலக்கூறை அம்மோனியாவாக்க பாக்டீரியாவின் நைட்ரஜனேஸ் நொதிக்குக் குறைந்தது 16 ஏடிபி (செல்லுக்கு ஆற்றல் தரும் மூலக்கூறு) வேண்டும். அவ்வளவு ஏடிபிக்குப் பாக்டீரியா மூச்சுவிட்டாக வேண்டும், அதற்கு ஆக்சிஜன் வேண்டும். ஆனால் ஆக்சிஜன் பட்டாலே நைட்ரஜனேஸ் பாழ்! இந்த இடத்தில் செடி லெக்ஹீமோகுளோபின் தயாரிக்கிறது. நம் ரத்தத்து ஹீமோகுளோபினின் உறவுக்காரப் புரதம். அந்தச் சிவப்பு இதனுடையதே. ஆக்சிஜனைத் தனியே திரியவிடாமல் பிடித்துக்கொண்டுபோய், பாக்டீரியாவின் சுவாச நொதிகளுக்குச் சிறுகச் சிறுக அளந்து கொடுக்கும். 2005இல் லோட்டஸ் ஜப்பானிகஸ் என்ற, ஆய்வுக்குப் பயன்படும் பயறு இனச் செடியில் இந்தப் புரதத்தை முடக்கிப் பார்த்தார்கள். முடிச்சு வந்தது, தழைச்சத்து வரவில்லை.

வயலில் தண்ணீர் தேங்கினால் உளுந்து மஞ்சளாவதற்கும் இது ஒரு காரணம். நீருக்குள் ஆக்சிஜன் பரவும் வேகம் காற்றில் பரவுவதைவிடச் சுமார் பத்தாயிரம் மடங்கு குறைவு, முடிச்சு மூச்சுத்திணறிவிடும். முதலில் வடிகால் வெட்டுங்கள். யூரியாவை அள்ளி வீசினால், மண்ணில் சும்மா கிடைக்கிறதே என்று செடி முடிச்சுக்குச் சர்க்கரை அனுப்புவதைக் குறைத்துவிடும்.

விதைநேர்த்திக்கு, ஒரு ஹெக்டேர் விதைக்கு 600 கிராம் ரைசோபியத்தை (கடையில் பொட்டலமாக விற்கும் முடிச்சுப் பாக்டீரியா) நன்கு ஆறிய வடிகஞ்சியில் கலந்து புரட்டி, நிழலில் அரை மணி நேரம் உலர்த்தி, 24 மணி நேரத்துக்குள் விதையுங்கள். கஞ்சி சுட்டாலும் வெயிலில் காய்ந்தாலும் பாக்டீரியா செத்துவிடும். பூஞ்சாணக்கொல்லி கலப்பதானால் முந்தைய நாளே முடித்துவிட வேண்டும். வெயில் அடிக்கும் கடை அலமாரியில் மாதக்கணக்கில் கிடந்த பொட்டலத்தில் உயிரோடு எத்தனை மிஞ்சும்? புதுப்புது ரகம் தேடச் செலவழிப்பதில் ஒரு பங்கையாவது பொட்டலங்களைச் சோதிக்க ஒதுக்கலாம் என்பது என் கட்சி. உறையில் காலாவதி தேதியோடு பயிரின் பெயரையும் பாருங்கள். கொண்டைக்கடலைக்கானது உளுந்துக்கு ஆகாது.